அசதியா, களைப்பா, அலுப்பா? வேலைச் சோர்வை அளக்கும் கேள்வித்தாள்கள்

இரவு ஏழு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஏழு மணிக்கு முடியும் 12 மணி நேர வேலை. சிங்கப்பூரில் பாதுகாவல் அதிகாரியாக இருக்கும் பலருக்கு இது பழகிப்போன கணக்கு. அவர்களில் ஒருவர் ஜோகூர் பாருவில் வசிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து வேலைக்கு வருகிறார். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே கடற்பாலத்தில் வீடு திரும்பும்போது அவர் கண்விழித்து பதினேழரை மணி நேரம் ஆகியிருக்கும்.

1997ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பதினேழு மணி நேரத்துக்கு ஓர் ஒப்பீடு தந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுச்சத்து உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமம். வாகனமோட்டிகளுக்கான மதுச்சத்து வரம்பு மலேசியாவில் 0.05 விழுக்காடு, சிங்கப்பூரில் 0.08 விழுக்காடு.

மதுவைக் கண்டுபிடிக்கப் போலிசாரிடம் ஊதுகுழல் கருவி இருக்கிறது. களைப்பைக் கண்டுபிடிக்க அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் கடந்த நூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் கேள்வித்தாள்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளுடன் பேச முடிகிறதா, உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்றெல்லாம் அவை கேட்கின்றன.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அனுப்பும் இணைய இணைப்பிலோ, மருத்துவமனையில் தாதி நீட்டும் தாளிலோ இவற்றில் ஏதாவது ஒன்றைப் பலரும் நிரப்பியிருப்பார்கள். எதற்காக அந்தக் கேள்விகள், எண்களைக் கூட்டினால் என்ன தெரியும் என்பதைச் சொல்பவர்கள்தான் குறைவு.

தளர்ந்த விரலில் தொடங்கிய கதை

இத்தாலியின் டூரின் நகரில் உடலியல் வல்லுநர் ஆஞ்செலோ மோசோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கருவியை உருவாக்கினார். நடுவிரலில் கயிறு கட்டி, அதன் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, அதைத் திரும்பத் திரும்ப இழுக்கச் சொல்வார். விரல் தளரத் தளர, காகிதச் சுருளில் கோடுகள் குட்டையாகிக்கொண்டே வரும். களைப்பு என்பதைக் கோடாக வரைந்து காட்டிய முன்னோடிக் கருவிகளில் அது ஒன்று. களைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1891ல் வெளிவந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் தொழிலாளர்கள் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கும் மேல் உழைத்தனர். அதற்கென 1915ல் அமைக்கப்பட்ட குழு அவர்களின் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வேலை நேரத்தைக் குறைத்த பிறகு மொத்த உற்பத்தி குறையாமல், சில இடங்களில் கூடவும் செய்தது.

இவ்வளவுக்கும் பிறகு, 1921ல் பெர்னார்ட் மஸ்கியோ என்ற உளவியலாளர், களைப்பை அளக்கச் சோதனை சாத்தியமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். களைப்பு என்றால் என்ன என்பதில் உடன்பாடே இல்லாதபோது அதை அளப்பதாகச் சொல்வது பொருளற்றது, துல்லியமான அறிவியல் பேச்சிலிருந்து அந்தச் சொல்லையே நீக்கிவிடலாம் என்பது அவர் வாதம். சொல் நீங்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய சிக்கல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. தமிழில் அது இன்னும் கொஞ்சம் கூடுதல் சிக்கல்.

எந்தச் சொல்லால் கேட்பது?

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது முதலில் இடறுவது தலைப்பிலேயே. அசதி, களைப்பு, சோர்வு, அலுப்பு, தளர்ச்சி, ஓய்ச்சல் என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. மூட்டை தூக்கியவருக்கு வருவது களைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் செருகுவது அசதி. சோர்வு என்ற சொல் உடம்போடு நிற்பதில்லை, மனத்துக்குள்ளும் போகிறது. ‘சோர்ந்துபோய்விட்டார்’ என்றால் நம்பிக்கை இழந்துவிட்டார் என்றும் பொருள்.

அலுப்பு இன்னும் வேடிக்கையான சொல். தமிழகத்தின் சில வட்டாரங்களில் பயணம் போய் வந்தவர் ‘உடம்பு அலுப்பா இருக்கு’ என்றால் களைப்பைச் சொல்கிறார். அதே சொல்லை எழுத்துத் தமிழில் படிக்கும் சிங்கப்பூர் மாணவர், சலிப்பு என்று புரிந்துகொள்வார். ‘உங்கள் வேலை உங்களுக்கு அலுப்பைத் தருகிறதா?’ என்ற ஒரே கேள்விக்கு, தஞ்சாவூரிலிருந்து வந்த கட்டுமான ஊழியரும் ஈசூனில் வளர்ந்த அலுவலக ஊழியரும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள்.

இதற்காகவே மொழிபெயர்த்த தாளை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடும் முறை வந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் இருவரும் படித்தவர்களாக, எழுத்துத் தமிழில் ஒரே மாதிரி சிந்திப்பவர்களாக இருந்தால் இந்தச் சோதனையில் எதுவும் சிக்காது. தாளை நிரப்பப் போகிறவர்கள் சிலரை உட்காரவைத்து, ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்பதுதான் பயன் தரும். அது நேரம் பிடிக்கும் வேலை, அதனால் பல இடங்களில் விட்டுப்போகிறது.

சொல் மட்டுமல்ல, கேள்வியில் வரும் காட்சியும் பொருந்த வேண்டும். பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் எப்வொர்த் அளவுகோலை மெல்பர்ன் நகரின் எப்வொர்த் மருத்துவமனையில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் உருவாக்கி 1991ல் வெளியிட்டார். எட்டுச் சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கும். உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது என்று அவை போகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல்நேரத் தூக்கக் கலக்கம் இயல்பைவிட அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நல்ல கருவிதான். ஆனால் காரில் பயணியாகப் போகும் காட்சி துவாஸ் விடுதியிலிருந்து லாரியின் பின்பக்கத்தில் வேலையிடத்துக்குப் போகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே அவர் தூங்கத்தான் செய்வார். ஐந்து மணிக்கு லாரி ஏறுகிறவருக்கு அது நோயின் அறிகுறி இல்லை, தூக்கத்தின் மிச்சம்.

தூக்கக் கணக்கு

தூக்கத்தின் தரத்தை அளக்க மிகுதியாகப் பயன்படுவது பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு. 1989ல் வெளிவந்தது. ஒருவர் தாமே பதில் அளிக்க வேண்டிய 19 கேள்விகள் அதில் உண்டு. தூங்கும் நேரம், தூக்கம் வரப் பிடிக்கும் நேரம், இடையில் விழிப்பது, தூக்க மாத்திரை என்று ஏழு கூறுகளாகப் பிரித்து 21 வரை மதிப்பெண் தரும். ஐந்தைத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள்.

கடந்த ஒரு மாதத்தில் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுக்கைக்குச் சென்றீர்கள் என்று அது கேட்கும். வாரத்தில் இரண்டு நாள் காலை வேலை, இரண்டு நாள் பிற்பகல் வேலை, அடுத்து இரவு வேலை என்று சுழலும் தாதிக்கு ‘வழக்கமாக’ என்ற சொல்லே பொருந்தாது. மூன்று வேலை நேரங்களின் சராசரியை எழுதினால், அவர் ஒருநாளும் படுக்கப் போகாத ஒரு நேரம் பதிவாகும். இதைச் சரிசெய்யும் நோக்கில்தான் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1995ல் வெளியிட்ட மாறுநேர வேலைக்கான கேள்வித் தொகுப்பு, ஒவ்வொரு வேலை நேரத்துக்கும் தூக்கத்தைத் தனித்தனியாகக் கேட்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எளிமையானது தூக்கக் குறிப்பேடு. படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் மூன்றையும் இரண்டு வாரம் தினமும் எழுதிவைப்பது. செலவே இல்லை. இதில் ஒரு கணக்கு வரும்: தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது தூக்கத் திறன். 85 விழுக்காடு இருந்தால் நல்லது என்பார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் ஏமாற்றும். விடுதிக்குத் திரும்பி, சமைத்து, துணி துவைத்து, ஊருக்குப் பேசிவிட்டு இரவு 11.45க்குப் படுப்பவர் 11.50க்குத் தூங்கிவிடுவார். காலை 4.30க்கு அலாரம். படுக்கையில் 285 நிமிடம், தூக்கம் 280 நிமிடம். தூக்கத் திறன் 98 விழுக்காடு! தாளில் பார்த்தால் பொறாமைப்பட வைக்கும் தூக்கம். உண்மையில் அது ஐந்து மணி நேரம்கூட இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை.

‘எனக்குப் பழகிவிட்டது’ என்பதுதான் இத்தகையோர் வழக்கமாகச் சொல்லும் பதில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003ல் வெளியான ஆய்வு இந்தப் பதிலைத்தான் சோதித்தது. 48 பேரில் ஒரு பிரிவினர் இரவுக்கு எட்டு மணி நேரமும் மற்றப் பிரிவினர் ஆறு, நான்கு மணி நேரமும் இரண்டு வாரம் தூங்க அனுமதிக்கப்பட்டனர். இன்னொரு பிரிவினர் மூன்று நாள் தூங்கவே இல்லை. ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு வார முடிவில் ஓரிரு இரவு முழுவதும் விழித்திருந்தவர்களின் நிலையை எட்டியது. ஆனால் ‘எவ்வளவு தூக்கம் வருகிறது?’ என்று கேட்டபோது, சில நாளுக்குப் பிறகு அவர்களின் பதில் பெரிதாக மாறவில்லை. பழகியது அந்த உணர்வு மட்டும்தான். திறன் பழகவில்லை.

அந்த ஆய்வில் கவனத்தை அளந்த முறை கேள்வித்தாள் அல்ல. திரையில் ஒரு குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இப்படிப் பத்து நிமிடம். அரை விநாடிக்கு மேல் தாமதமானால் அது ஒரு தவறலாகக் கணக்காகும். சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் அரை விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

இரண்டு வேலைகளுக்கு இடையே

களைப்பு வருவதில் தவறில்லை. உழைத்தால் களைப்பு வரும். அடுத்த வேலைக்கு முன்பு அது தீர்ந்ததா என்பதே கேள்வி. ஆஸ்திரேலியாவில் பீட்டர் வின்வுட்டும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய வேலைச் சோர்வு, மீட்சி அளவுகோல் இதை மையமாகக் கொண்டது. 15 கேள்விகள், மூன்று பிரிவுகள்: நாள்பட்ட சோர்வு, அன்றைய வேலையின் சோர்வு, இரண்டு வேலைகளுக்கு இடையிலான மீட்சி. ஒவ்வொரு பிரிவுக்கும் 100 வரை மதிப்பெண். ஒருவருக்கு அன்றைய சோர்வு 80, மீட்சியும் 80 என்றால் அவர் கடுமையாக உழைத்து நன்றாக ஓய்வெடுப்பவர். அன்றைய சோர்வு 60, மீட்சி 20 என்றால் கவலைப்பட வேண்டியது இவரைப் பற்றித்தான், வெளியே பார்க்க முன்னவரைவிட இவர் தெம்பாகத் தெரிந்தாலும்.

‘பர்ன்அவுட்’ என்று எல்லாரும் சொல்லும் மனக்களைப்பு வேறு வகை. அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981ல் வெளியிட்ட 22 கேள்விகள்தான் அதன் அடிப்படைக் கருவி. உணர்வு வற்றிப்போவது, சேவை பெறுபவர்களை மனிதர்களாகப் பார்க்க முடியாமல் போவது, செய்யும் வேலையில் நிறைவு குறைவது என மூன்றை அது அளக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் தன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை; சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலையிட மன அழுத்தத்தின் விளைவான தொழில்சார் நிலை என்றே 2019ல் குறிப்பிட்டது. வீட்டுப் பிரச்சினைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பேச்சு வழக்கு, வகைப்பாட்டில் இடமில்லை.

ஓட்டுநர் கையில் என்ன இருக்கிறது?

இதுவரை சொன்னவை ஊழியரை அளப்பவை. வேலையை அளக்க முயன்றவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக். 1979ல் அவர் முன்வைத்த கருத்து இரண்டே கோடுகளில் அடங்கும். ஒன்று, வேலை உங்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறது. மற்றொன்று, அதை எப்படிச் செய்வது என்பதில் உங்களுக்கு எவ்வளவு அதிகாரம். எதிர்பார்ப்பு அதிகம், அதிகாரம் குறைவு என்றால் அதுவே வேலை நெருக்கடி.

மேலாளருக்கும் வேலைப்பளு அதிகம்தான். ஆனால் கூட்டத்தை நாளைக்குத் தள்ளிவைக்க அவரால் முடியும். பேருந்து ஓட்டுநரால் அப்படி முடியாது. நேர அட்டவணை, நெரிசல், பயணிகளின் கோபம் எதுவும் அவர் கையில் இல்லை. கழிப்பறைக்குப் போகவும் பயணம் முடிய வேண்டும். பிறகு 1980களில் மேலாளரும் சக ஊழியர்களும் தரும் ஆதரவு மூன்றாவது கோடாகச் சேர்ந்தது. ஆய்வாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996ல் வேறு பக்கமிருந்து வந்தார். போடும் உழைப்புக்கும் கிடைக்கும் சம்பளம், மதிப்பு, வேலைப் பாதுகாப்புக்கும் உள்ள விகிதத்தை அவர் கேட்டார். சம்பளம் சரியாக வந்தும் ‘நாய் மாதிரி நடத்துறாங்க’ என்று ஒருவர் புலம்பினால், அந்தப் புலம்பலுக்கும் இவரது தாளில் இடமுண்டு.

இவை வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஐரோப்பாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2012ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இதய நோய் அபாயம் 23 விழுக்காடு அதிகம் என்று கண்டது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட மதிப்பீடு.

சமாளிப்பதற்கு மதிப்பெண் இல்லை

சுமை ஒன்றாக இருந்தாலும் ஆட்கள் அதைச் சுமக்கும் விதம் வேறு. அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் கார்வர் 1997ல் சுருக்கி வெளியிட்ட கேள்வித்தாளில் 28 கேள்விகள், 14 சமாளிப்பு வழிகள் உள்ளன. திட்டமிடுவது, பிறரிடம் ஆறுதல் தேடுவது, வழிபாடு, நகைச்சுவை, ஏற்றுக்கொள்வது, தன்னையே குறை சொல்வது, மது, மறுப்பது எல்லாம் அதில் வரும். மற்றத் தாள்களைப் போல் இதைக் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வந்து கோயிலில் கும்பிட்டு, நண்பர்களுடன் திடலில் உட்கார்ந்து, இரண்டு பீர் குடித்து, வீட்டுக்குக் காணொளியில் பேசிவிட்டு விடுதிக்குத் திரும்பும் ஒருவர், ஒரே நாளில் நான்கைந்து வழிகளைத் தொட்டுவிடுகிறார். எது அவருக்குத் தெம்பு தந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சமாளிப்பைப் பற்றி அதிகம் பேசும் நிறுவனங்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பணி அட்டவணையை மாற்றாமல் தியான வகுப்பு மட்டும் நடத்தினால், பொறுப்பு முழுவதும் ஊழியரின் தலையில் போய் விழுகிறது.

உண்மையை எழுதினால் வேலை போகுமா?

சிங்கப்பூரில் வேலையிட மன அழுத்தத்தை அளக்க, ‘ஐவொர்க்ஹெல்த்’ என்ற இலவச இணையக் கருவி 2021ல் அறிமுகமானது. நிறுவனம் பதிவுசெய்து ஊழியர்களை நிரப்பச் சொல்லலாம். ஊழியருக்கு அவருடைய முடிவு கிடைக்கும். நிறுவனத்துக்குக் கிடைப்பது எல்லாரையும் சேர்த்த தொகுப்பு மட்டுமே. இந்த ஏற்பாடு முக்கியமானது. ஏனென்றால் சோர்வுத் தாளை நிரப்பும் பலரின் மனத்தில் ஓடும் கேள்வி, ‘இதைப் பார்த்து என்னை அனுப்பிவிடுவார்களா?’ என்பதுதான். ஓவர்டைம் பணத்தை நம்பி ஊரில் கடன் அடைப்பவருக்கு, களைப்பாக இருக்கிறது என்று எழுதுவது வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்வது போல.

பெயர் எழுதச் சொல்லும் தாளிலும் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று வாங்கும் தாளிலும் எல்லாரும் நலமாகத்தான் இருப்பார்கள். இன்னொரு மறைவும் உண்டு. இரவு வேலை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஓரிரு ஆண்டில் விலகிவிடுவார்கள். பத்தாண்டாக இரவு வேலை பார்ப்பவர்களை மட்டும் அளந்துவிட்டு, அதனால் கெடுதல் இல்லை என்று முடிவுகட்டினால், போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டம் மணிக்கணக்கை மட்டும்தான் அளக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதியின்கீழ் வரும் ஊழியர்கள் பொதுவாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கூடுதல் நேர வேலை மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பிலிருந்து பாதுகாவல் நிறுவனங்களுக்கு இருந்த விலக்கு 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. மலேசியாவில் வாராந்தர வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 48லிருந்து 45 மணி நேரமாகக் குறைந்தது. கடற்பாலத்தில் வரிசையில் நிற்கும் நேரமும் லாரியில் போகும் நேரமும் இந்தக் கணக்கில் சேராது. தூக்கத்திலிருந்துதான் அவை கழிகின்றன.

மருத்துவரிடம் போகும்போது

எப்வொர்த் தாளில் பத்துக்கு மேல் வந்தவர் எல்லாக் குற்றத்தையும் வேலையின் மேல் போடவும் முடியாது. ஏழு, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் செருகினால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறாக இருக்கலாம். சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2016ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது மிதமான அல்லது கடுமையான அளவில் இருந்தது. குறட்டை பலமாக இருப்பதும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும் அறிகுறிகள். பக்கத்தில் படுப்பவருக்குத்தான் இது தெரியும். விடுதியில் அறைத்தோழரைக் கேட்கலாம். ரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, ஒவ்வாமைக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவையும் அசதியைத் தரும்.

பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகும்போது ‘டயர்டா இருக்கு டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் மருத்துவ விடுப்பு ஒருநாள் கிடைக்கலாம். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேட்டுடன் வேலை அட்டவணையையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் கொண்டுபோனால், எங்கே தொடங்குவது என்று மருத்துவருக்குத் தெரியும். குறிப்பேட்டுக்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. கைப்பேசியில் எழுந்தவுடன் மூன்று எண்களைத் தட்டிவைத்தால் போதும்: படுத்தது, தூங்கியது, எழுந்தது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்கினால், அதையும் அதே வரிசையில் எழுதலாம்.